ஒரே ஆட்டம், மூன்று ஹேண்ட்பால், மூன்று காலத்துச் சட்டம்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் நாக்-அவுட் கால்பந்து ஆட்டம் ஒன்று சண்டையில் முடிந்தால், பாதிக்கு மேல் அதன் வேர் ஹேண்ட்பாலாகத்தான் இருக்கும். ஆஃப்சைடில் கோபப்படுகிறவர்கள்கூட இரண்டு நிமிடத்தில் ஆறிவிடுவார்கள். கையில் பட்ட பந்து மட்டும் டீக்கடை வரை கூடவே வரும்.

இங்கே அலசுவது நடுவர் பயிற்சிக்காகக் கோத்த ஒரு மாதிரி ஆட்டம். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி உப்பளத்திலும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் நடக்கக்கூடிய மூன்று சம்பவங்களை ஒரே ஆட்டத்தில் வைத்திருக்கிறோம். எந்த அணி, எந்த நடுவர் என்று யாரும் தேட வேண்டாம். தவறு எங்கே நுழைகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

ஆட்டத்தின் அமைப்பு

அணிக்குப் பதினோரு பேர். மாலை நான்கு மணி. கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறியிருக்கிறது. உயரமாக வரும் பந்து கடைசி நேரத்தில் திசை மாறுகிறது. வீடியோ உதவி கிடையாது. நடுவர் ஒருவர், இரண்டு பக்கமும் லைன்ஸ்மேன்கள். நீலச் சட்டை அணியும் வெள்ளைச் சட்டை அணியும் ஆடுகின்றன.

27ஆவது நிமிடத்தில் வெள்ளை அணி வீரரின் கையில் பெனால்டி ஏரியாவுக்குள் பந்து பட்டது. நடுவர் 'தெரியாமல் பட்டது' என்று கையசைத்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். 58ஆவது நிமிடத்தில் வெள்ளை அணி போட்ட கோலை, அதற்கு முன் சக வீரரின் கையில் பட்டது என்று ரத்து செய்தார். 78ஆவது நிமிடத்தில் கோல் கோட்டில் நின்ற வெள்ளை வீரரின் கையில் பந்து பட்டது. பெனால்டி கொடுத்து, சிவப்பு அட்டையும் காட்டினார். நீல அணி அந்தப் பெனால்டியைப் போட்டு 1-0 என்று வென்றது.

மூன்று முடிவிலும் பிழை இருக்கிறது. மூன்றாவதில் பெனால்டி சரி, அட்டைதான் தவறு. கவனிக்க வேண்டியது வேறொன்று: நடுவர் சட்டம் தெரியாதவர் அல்ல. மூன்று முறையும் அவர் சொன்னது ஒரு காலத்தில் சட்டமாக இருந்ததுதான். முதல் முடிவு 2019க்கு முந்தைய சட்டம், இரண்டாவது 2019 முதல் 2021 வரை இருந்த சட்டம், மூன்றாவது 2024க்கு முந்தைய சட்டம்.

27ஆவது நிமிடம்: விரிந்திருந்த கை

நீல அணியின் இடது விங்கர் வேகமாக ஏறிவந்து, பாக்ஸின் (பெனால்டி ஏரியாவின்) பக்கவாட்டுக் கோட்டருகே, கோல் முன்னால் குறுக்காகத் தாழ்வாக ஒரு கிராஸ் அடிக்கிறார். வெள்ளை அணியின் ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) ஏழு மீட்டர் தள்ளி, பாக்ஸுக்குள் நிற்கிறார். ஓடிவந்தவர் கால்களை ஊன்றி நின்றுவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது கை தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீண்டிருந்தது. பந்து முன்கையில் பட்டு வெளியே போனது. கை பந்தை நோக்கி நகரவில்லை. ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

நம் மைதானங்களில் இதற்கு ஒரு மந்திரம் உண்டு: "பந்துக்குக் கை போச்சா, கைக்குப் பந்து வந்துச்சா?" இந்தக் கேள்வி வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2019 வரை சட்டப்புத்தகத்தின் 12ஆம் விதி, ஹேண்ட்பால் என்றால் வேண்டுமென்றே கையால் பந்தைத் தொடுவது என்றுதான் சொன்னது. கை பந்தை நோக்கிப் போனதா, பந்து எதிர்பாராமல் அருகிலிருந்து வந்ததா என்று பார்க்கவும் சொன்னது. அந்தக் காலத்தில் ஆடியவர்களும் விசில் ஊதியவர்களும்தான் இன்று பயிற்சியாளர்கள். அதனால் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்றைய சட்டத்தில் அது முதல் கேள்வி மட்டுமே. வேண்டுமென்றே தொட்டால் குற்றம் என்பது மாறவில்லை. அதோடு இரண்டாவது ஒரு வாசல் இருக்கிறது: கை, உடலை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கியிருந்தால், எண்ணம் இல்லாவிட்டாலும் குற்றம். இயல்புக்கு மாறானது எது? இயல்பான கை என்றால், அந்தக் குறிப்பிட்ட தருணத்தில் வீரரின் உடல் அசைவின் விளைவாக அந்தக் கை அங்கே வந்திருக்க வேண்டும். அல்லது அந்த அசைவால் அதை நியாயப்படுத்த முடிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால், பந்து பட்டால் தண்டனை வரும் என்ற அபாயத்தை வீரரே ஏற்றுக்கொண்டார் என்று பொருள்.

ஆகவே நடுவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இந்தக் கை ஏன் அங்கே இருந்தது?

நம் ரைட் பேக்கின் கைக்கு விடை சொல்ல முடியாது. ஓடும்போது கைகள் முன்னும் பின்னும் வீசும், அது இயல்பு. அவர் ஓடவில்லை, நின்றுவிட்டார். சறுக்கவில்லை, தாவவில்லை, விழவுமில்லை. நின்ற உடம்புக்குத் தோள் மட்டத்தில் நீட்டிய கை எதற்கு? கிராஸின் பாதையை அகலமாக அடைக்கிறது, அவ்வளவுதான். பெனால்டி கொடுத்திருக்க வேண்டும்.

அவர் சார்பில் எப்போதும் வரும் வாதம் தூரம்: "ஏழு மீட்டர்ல எப்படி சார் கையை எடுக்க முடியும்?" கணக்குப் போடுவோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து நொடிக்கு 20 மீட்டர் போகும். ஏழு மீட்டரைக் கடக்க 0.35 நொடி. கண்ணில் பட்டதற்கு உடல் அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். மிச்சம் இருப்பதில் நீட்டிய கையை முழுதாக மடக்க முடியாது என்பது உண்மை. ஆனால் இந்தக் கணக்கு பதில் சொல்வது 'வேண்டுமென்றே செய்தாரா' என்ற முதல் கேள்விக்கு மட்டும்தான். பந்து அடிபடுவதற்கு முன்பே கை விரிந்திருந்தது. அந்த முடிவை எடுக்க அவருக்கு 0.35 நொடிக்கும் மேலாக நேரம் இருந்தது. தூரத்துக்கு இத்தனை மீட்டர் என்று சட்டத்தில் எந்த அளவும் கிடையாது.

இதே நொடியில் வேறு உடல் நிலை இருந்திருந்தால் முடிவும் மாறும். அவர் சறுக்கிப் போய், விழும் உடலைத் தாங்க ஊன்றிய கையில் பட்டிருந்தால், அந்தக் கை அங்கே இருக்கக் காரணம் இருக்கிறது, பொதுவாகக் குற்றமில்லை. அதே சறுக்கலில் மேலே தூக்கிய மறு கையில் பட்டிருந்தால் அந்தக் காரணம் பொருந்தாது. தொடையில் பட்ட பந்து தெறித்து, இடுப்போரம் தொங்கிய சொந்தக் கையில் மோதினால் அதையும் பொதுவாக எடுப்பதில்லை. தலையால் முட்டத் தாவுகிறவர் முழங்கையை மடக்கித் தூக்குவது தாவலின் பகுதி. இரண்டு கையையும் தலைக்கு மேல் விரித்தபடி முதுகைக் காட்டித் தாவுவது அப்படியல்ல.

2019இல் வந்த சட்டத்தில் 'தோளுக்கு மேல் கை', 'தாங்கும் கை', 'சொந்த உடலில் பட்டுத் தெறித்தது' என்று ஒரு பட்டியலே இருந்தது. 2021இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, முடிவை நடுவரின் மதிப்பீட்டுக்கு விட்டார்கள். அது சரியான மாற்றம் என்பது எங்கள் கருத்து. பட்டியல் இருந்தபோது நடுவர்கள் கையின் உயரத்தை அளந்தார்களே தவிர ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆனால் மதிப்பீடு என்று வந்துவிட்டால் மேல்மட்டத்திலேயே கருத்து பிரியும். 2024 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) காலிறுதியில், ஸ்டுட்கார்ட்டில், ஜெர்மனியின் முசியாலா அடித்த பந்து ஸ்பெயினின் குகுரேயா கையில் பட்டது. நடுவர் ஆன்டனி டெய்லர் பெனால்டி கொடுக்கவில்லை. வீடியோ அறையும் தலையிடவில்லை. ஸ்பெயின் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்து, அது பெனால்டியாக இருந்திருக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏவின் நடுவர் குழு சொன்னது. எத்தனையோ கேமரா இருந்த ஆட்டத்துக்கே அந்த நிலை என்றால், கேமரா இல்லாத மைதானத்தில் நடுவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அந்த இடத்தில்தான் முதல் தவறின் இரண்டாவது பாதி இருக்கிறது. எதிர்த்தாக்குதல் திடீரென்று கிளம்பியதால் நடுவர் முப்பது மீட்டருக்கு மேல் பின்தங்கி, விங்கரின் நேர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். இடையில் இன்னொரு நீலச் சட்டை. அவர் கண்ணுக்குப் பந்து தெறித்தது மட்டும் தெரிந்தது, கை தெரியவில்லை. எதிர்ப்பக்க லைன்ஸ்மேன் தூரத்தில் இருந்தாலும் அவருக்கு ரைட் பேக்கின் முதுகு திறந்த வெளியில் தெரிந்தது. நீட்டிய கை, ஒரு பல்லியின் நிழல் சுவரில் விழுந்த மாதிரித் துலக்கமாகத் தெரிந்திருக்கும். அவர் கொடி தூக்கவில்லை. 'பாக்ஸுக்குள் ஹேண்ட்பால் என் வேலை இல்லை' என்ற எண்ணம்.

ஆட்டத்துக்கு முந்தைய பேச்சில் ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் இது தீர்ந்திருக்கும். நடைமுறை இப்படி: லைன்ஸ்மேன் முதலில் நடுவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். நடுவர் நல்ல இடத்திலிருந்து பார்த்து முடிவெடுத்துவிட்டார் என்றால் விட்டுவிடலாம். அவர் பார்க்கவில்லை, முடிவும் எடுக்கவில்லை என்றால் கொடியைத் தூக்க வேண்டும். குற்றம் பாக்ஸுக்குள் என்றால், கொடி காட்டிய பிறகு கார்னர் கொடியை நோக்கி எல்லோருக்கும் தெரியும்படி நகர வேண்டும். 'நான் உன்னிடம் தெளிவாகப் பார்த்ததை மட்டும் கேட்பேன், ஊகத்தைக் கேட்க மாட்டேன்' என்று நடுவர் முன்கூட்டியே சொல்லி வைத்தால், லைன்ஸ்மேனின் தயக்கம் பாதி குறையும்.

கை எங்கே தொடங்குகிறது

முதல் சம்பவத்தில் பந்து முன்கையில் பட்டதால் இந்தக் கேள்வி எழவில்லை. ஆனால் நம் மைதானங்களில் 'தோள்ல பட்டுச்சு', 'இல்ல, கைலதான்' என்ற சண்டை ஓயாது. 2020 முதல் எல்லை தெளிவு: கையை உடலோடு ஒட்டித் தொங்கவிட்டால், அக்குளின் அடிப்பகுதி எந்த மட்டத்தில் வருகிறதோ, அதற்கு மேலே தோள், கீழே கை. தோளால் தள்ளிக் கோல் போடலாம், தோளால் தடுக்கலாம். சட்டையின் கைநீளத்தை வைத்து முடிவு செய்வது ஆபத்து. பள்ளிப் பையன்கள் இரண்டு அளவு பெரிய ஜெர்சி போட்டுக்கொண்டு வருவார்கள், சட்டைக் கை முழங்கை வரை தொங்கும்.

58ஆவது நிமிடம்: ரத்தான கோல்

வெள்ளை அணிக்கு ஒரு கார்னர். காற்றில் தடம் மாறிய பந்து அவர்களின் ஸ்டாப்பர் பேக்கின் (நடுத் தடுப்பாட்டக்காரரின்) கையில் படுகிறது. கை உடலோரம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. கையில் பட்டுக் கீழே விழுந்த பந்தைப் பக்கத்தில் நின்ற சக வீரர் வலைக்குள் அடிக்கிறார். நீல அணி முழுவதும் கையைக் காட்டிக் கத்துகிறது. நடுவர் கோலை ரத்து செய்து ஃப்ரீ கிக் கொடுக்கிறார்.

அது கோல்தான். 2019இல் வந்த சட்டப்படி, தாக்கும் அணியின் கையில் தெரியாமல் பட்டுக் கோல் வாய்ப்பு உருவானாலும் குற்றம். சக வீரர் அடித்தாலும் அதே முடிவு. 2021 ஜூலையில் அந்தப் பகுதி போய்விட்டது. இன்று தற்செயலான தொடுதல் குற்றமாவது, கோல் போட்டவரின் சொந்தக் கையாக இருந்தால் மட்டும்: பந்து அவர் கையிலிருந்தே நேராக வலைக்குள் போனால், அல்லது அவர் கையில் பட்ட உடனே அவரே கோல் போட்டால்.

'உடனே' என்பதற்கு நொடிக்கணக்கோ மீட்டர்கணக்கோ சட்டத்தில் இல்லை. பந்து கையில் பட்டுக் காலடியில் விழ, அடுத்த தொடுதலில் அடித்தால் உடனே. கையில் பட்ட பிறகு ஒருவரைக் கடந்து, பத்துப் பதினைந்து மீட்டர் உருட்டிப்போய் அடித்தால் 'உடனே' என்று சொல்வது கடினம்.

இங்கே ஒரு படியைத் தாண்டிவிடக் கூடாது. சக வீரரின் கை தற்செயல்தானா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த ஸ்டாப்பர் பேக் கையை அகல விரித்து வைத்திருந்தால், அல்லது பந்தை நோக்கிக் கையைக் கொண்டுபோயிருந்தால், அதுவே ஹேண்ட்பால். கோல் போட்டவர் யார் என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை. நம் சம்பவத்தில் கை தொங்கிக்கொண்டிருந்தது. கோல்.

தடுப்பவருக்கு ஒரு அளவுகோல், கோல் போடுகிறவருக்கு வேறொரு அளவுகோல் என்பதுதான் பார்வையாளர்களைக் குழப்புகிறது. உடலோரம் தொங்கும் கையில் தெரியாமல் பட்டால் தடுப்பவருக்குத் தண்டனை இல்லை. அதே கையில் பட்டு அவரே உடனே கோல் போட்டால் கோல் இல்லை. கையால் விழுந்த கோலை யாரும் ஏற்க மாட்டார்கள் என்பதற்காக வைத்த தனிவிதி அது. அந்தத் தனிவிதியை எல்லாத் தாக்குதலுக்கும் நீட்டியதுதான் இந்த நடுவரின் தவறு.

இதைத் திருத்த வாய்ப்பும் இருந்தது. ஆட்டம் மறுபடி தொடங்காத வரை நடுவர் தன் முடிவை மாற்றலாம். ஃப்ரீ கிக் அடிக்கும் முன் லைன்ஸ்மேன் பக்கத்தில் போய் இரண்டே கேள்வி கேட்டிருக்கலாம்: யார் கையில் பட்டது? கை எங்கே இருந்தது? சத்தத்துக்கு நடுவில் நடுவர் அதைச் செய்யவில்லை. பந்தை உதைத்த பிறகு கதவு மூடிவிட்டது.

78ஆவது நிமிடம்: அட்டையின் நிறம்

கோல்கீப்பர் வெளியே வந்து விழுந்து கிடக்கிறார். நீல அணியின் ஸ்ட்ரைக்கர் காலி வலையை நோக்கி அடிக்கிறார். கோல் கோட்டில் வெள்ளை அணியின் லெஃப்ட் பேக், காலால் தடுக்கப் பக்கவாட்டில் பாய்கிறார். கால் எட்டவில்லை. பாயும்போது ஒரு கை தேவைக்கு மேல் விரிந்திருந்தது. பந்து அதில் பட்டு வெளியே தெறித்தது. கை பந்தை நோக்கிப் போகவில்லை.

பெனால்டி சரி. கோலைத் தடுத்துவிட்டார், ஆகவே சிவப்பு என்று நடுவர் நினைத்தார். 2024 ஜூலை 1 முதல் சட்டம் வேறு. பெனால்டி கொடுக்கும் ஹேண்ட்பால் வேண்டுமென்றே செய்ததல்ல என்றால், பந்தை ஆட முயன்று செய்த ஃபவுலைப் போலவே அதை நடத்த வேண்டும். கோலையோ தெளிவான கோல் வாய்ப்பையோ தடுத்திருந்தால் மஞ்சள் அட்டை. நம்பிக்கை தரும் ஒரு தாக்குதலை மட்டும் நிறுத்தியிருந்தால் அட்டையே இல்லை. பெனால்டி என்ற இழப்பீடு கிடைத்துவிட்டது, மேலும் ஆளையும் இழக்க வேண்டாம் என்பது இதன் நியாயம்.

வேண்டுமென்றே என்றால் சிவப்பில் மாற்றமில்லை. 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில், ஜோஹன்னஸ்பர்க்கில், கூடுதல் நேரத்தின் கடைசித் தருணத்தில் கானாவின் கோலை உருகுவேயின் சுவாரஸ் கோட்டில் நின்று இரண்டு கையாலும் தள்ளியதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வெளியேற்றப்பட்டார். கானாவின் ஜ்யான் பெனால்டியைக் கிராஸ்பாரில் அடித்தார், கானா ஷூட்-அவுட்டில் தோற்றது. அந்தக் கை இன்றைக்கும் சிவப்புதான்.

பாக்ஸுக்கு வெளியே நிலைமை வேறு: அங்கே ஹேண்ட்பாலால் தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்தால், தெரியாமல் செய்த குற்றமானாலும் சிவப்பு. ஏனென்றால் அங்கே எதிரணிக்குக் கிடைப்பது ஃப்ரீ கிக் மட்டும். கோல்கீப்பரும் தன் பெனால்டி ஏரியாவை விட்டு வெளியே வந்தால் மற்றவர்களைப் போலவேதான்.

ஆக நிறத்தை முடிவு செய்வது ஒரே கேள்வி: கை பந்தைத் தேடிப் போனதா? ஆம், அந்தப் பழைய மந்திரம் இங்கே மறுபடி பயன்படுகிறது. குற்றமா இல்லையா என்று முடிவெடுக்க அது போதாது. குற்றம் உறுதியான பிறகு அட்டையைத் தேர்ந்தெடுக்க அதுவே சரியான கேள்வி. பழைய ஆட்களிடம் இதைச் சொல்லும்போது முகம் மலரும். அவர்கள் கற்றது வீண்போகவில்லை.

இதே சம்பவத்தில் இன்னொரு பொறி உண்டு. கையில் பட்ட பந்து வலைக்குள்ளேயே போயிருந்தால்? முதல் தொடுதலிலேயே விசில் ஊதிய நடுவர் நீல அணியின் கோலைத் தானே கொன்றிருப்பார். கோல் கோட்டருகே கையில் பட்டால் விசிலை உதட்டில் வைத்து ஒரு நொடி பொறுக்க வேண்டும். பந்து உள்ளே போனால் கோல், போகாவிட்டால் பெனால்டி.

தவறான அட்டையால் வெள்ளை அணி கடைசிப் பன்னிரண்டு நிமிடமும் பத்துப் பேரோடு ஆடியது. வெளியேறியவர் வழக்கமான போட்டி விதிகளின்படி அடுத்த ஆட்டத்தையும் இழப்பார்.

சிறிய மைதானங்களும் பயிற்சியும்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்போது ஐவர், எழுவர் ஆட்டங்கள் பெருகிவிட்டன. அங்கே பெரும்பாலும் நடுவர் ஒருவர்தான், லைன்ஸ்மேன் இல்லை. தனியாக விசில் ஊதுகிறவர் பந்தின் நேர் பின்னால் ஓடக் கூடாது; சற்று விலகி, அடிப்பவருக்கும் தடுப்பவருக்கும் இடையே உள்ள வெளி தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். அந்த இடைவெளி தெரிந்தால் கையும் தெரியும். பார்க்காததைக் கூட்டத்தின் கூச்சலை நம்பிக் கொடுக்கக் கூடாது.

தடுப்பாட்டக்காரர்களுக்கு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில் என்று சொல்லிக்கொடுப்பது இங்கே பழக்கம். ஷாட்டைத் தடுக்கும் கடைசி நொடிக்கு அது சரி. ஓடும்போது அப்படிச் செய்தால் சமநிலை போய்விடும், திரும்பவும் முடியாது. நல்ல விங்கர் ஒரு தட்டில் கடந்துவிடுவார். முழங்கையை மடக்கி விலாவோரம் வைத்து, பக்கவாட்டில் நகரும் பழக்கம்தான் தேவை. ஆளுக்கு இரண்டு பிப் துணியை (பயிற்சியில் அணி பிரிக்கச் சட்டைமேல் போடும் துணி) கொடுத்து, அதை விலாவோடு அழுத்திப் பிடித்தபடி ஒருவருக்கொருவர் மறிக்கச் சொல்லுங்கள். துணி விழுந்தால் கை விரிந்துவிட்டது என்று அவர்களுக்கே தெரியும். நம் ரைட் பேக்கைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்கிற பழக்கத்தையும் அங்கேயே உடைக்க வேண்டும். பந்தைப் பார்க்காதவரின் கை எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. இந்துமதி கதிரேசனை இந்திய மகளிர் அணிக்கு அனுப்பிய ஊர் கடலூர். இங்கே ஆடும் சிறுமிகளும் சிறுவர்களும் நாளை வெளியூர் நடுவர்களுக்கு முன்னால் நிற்கப்போகிறவர்கள். பழைய சட்டத்தைக் கற்றுக்கொண்டு போனால் விலை கொடுப்பது அவர்கள்தான்.

முறையீடும் அறிக்கையும்

ஆட்டம் முடிந்ததும் வெள்ளை அணி முறையீடு எழுதிக் கொடுத்தால்? ஆட்டத்தின் உண்மைகள் குறித்து நடுவர் எடுத்த முடிவு இறுதியானது. 'கை விரிந்திருந்ததா' என்பதைத் தாளில் மறுபடி ஆட முடியாது. சட்டத்தையே தவறாகச் செயல்படுத்தினார் என்ற முறையீட்டை அந்தந்தப் போட்டியின் விதிமுறைதான் தீர்மானிக்கும். ஆகவே போட்டி நடத்துகிறவர்கள் அந்த விதியையும், எந்த ஆண்டின் சட்டப்புத்தகப்படி ஆட்டம் நடக்கிறது என்பதையும், முதல் நாளிலேயே அணிகளிடம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

நடுவரின் அறிக்கையிலும் 'ஹேண்ட்பால், சிவப்பு அட்டை' என்று இரண்டு சொல் போதாது. கோல் கோட்டில், பாயும் நிலையில், இடது கை தோள் மட்டத்தில் விரிந்து, பந்தை நோக்கி நகராமல் இருந்தது என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். அப்படி எழுத உட்கார்ந்திருந்தால், 'நகராமல்' என்ற சொல்லை எழுதும்போதே அந்த அட்டை மஞ்சளாக இருந்திருக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.